அண்டார்டிகாவில் 134 பெட்டி, கரிசல் காட்டில் ஒரு வீடு

யூட்யூபில் 'கன்டெய்னர் வீடு' என்று தேடிப் பாருங்க. பைன் மரக் காடு, சுற்றிலும் பனி, நடுவில் கறுப்பு பெயின்ட் அடித்த ஒரு இரும்புப் பெட்டி, உள்ளே மஞ்சள் விளக்கு. பார்க்க அழகாத்தான் இருக்கும். சிம்போசியம் போஸ்டர், மினி ப்ராஜெக்ட், டிசைன் போட்டி எதை எடுத்தாலும் 'சஸ்டெய்னபிள் மாடுலர் ஹவுஸ்' என்ற தலைப்புக்குக் கீழே அந்தப் பெட்டியேதான் திரும்பத் திரும்ப வருது. அதையே தூக்கிட்டு வந்து மே மாதம் சாத்தூர் பக்கம் ஒரு கரிசல் காட்டில் வைத்தால் என்ன ஆகும்? அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. (தலைப்பில் 'சின்ன வீடு' என்று போடலாமா என யோசித்தோம். டீமில் எல்லாரும் சிரித்த சிரிப்பில் அதை விட்டுட்டோம்.)

முதலில் ஒரு விஷயம். பெட்டிகளால் கட்டிய கட்டடம் மோசமானது என்று சொல்ல வரலை. உலகத்திலேயே கடுமையான ஒரு இடத்தில் இந்தியாவே அப்படி ஒன்றைக் கட்டி வைத்திருக்கு. அதன் பேர் 'பாரதி'. கிழக்கு அண்டார்டிகாவின் லார்ஸ்மன் குன்றுகளில் உள்ள நம்ம நாட்டு ஆராய்ச்சி நிலையம், 2012 மார்ச்சில் செயல்பாட்டுக்கு வந்தது. நடத்துவது கோவாவில் இருக்கும் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து போஃப் ஆர்க்கிடெக்டன் நிறுவனம் வடிவமைத்தது. மொத்தம் 134 கப்பல் கன்டெய்னர்கள். முதன்மைக் கட்டடத்தில் 47 பேர் தங்கலாம்.

அங்கே ஏன் கன்டெய்னர்? காரணம் ரொம்பச் சாதாரணம். கப்பல் போகக்கூடிய காலம் கோடையில் சில மாதம்தான். அங்கே மணல் கிடையாது, செங்கல் சூளை கிடையாது, கான்கிரீட் கலந்து வைத்தால் இறுகுவதற்கு முன்னாடி உறைந்துவிடும். ஒரு போல்ட் குறைந்தால் பக்கத்துத் தெரு ஹார்டுவேர் கடைக்கு ஓட முடியாது. அதனால் முடிந்த அளவு வேலையைத் தொழிற்சாலையிலேயே முடித்து, கப்பலுக்குப் பொருந்தும் பெட்டியாகவே கொண்டுபோய், ஒன்றோடு ஒன்று அடுக்கிப் பூட்டிவிட்டார்கள். சாமான் வந்த பெட்டியே கட்டடத்தின் எலும்புக்கூடாகவும் ஆயிடுச்சு. இன்னொரு பக்கம், அண்டார்டிகாவில் சுற்றுச்சூழலைக் காக்க 1991இல் மாட்ரிட்டில் கையெழுத்தான ஒப்பந்தம் இருக்கு. வேலை முடிந்தால் இடத்தைச் சுத்தமாக்கித் தரணும். கழற்றி எடுத்துவரக் கூடிய கட்டடம் என்பது அங்கே ஃபேஷன் இல்லை, கட்டாயம்.

இப்போ பாரதியின் போட்டோவைத் தேடிப் பாருங்க. ஒரு கன்டெய்னர்கூட கண்ணுக்குத் தெரியாது. 134 பெட்டியையும் நெருக்கி அடுக்கி, அதன்மேல் இன்சுலேஷனோடு காற்றை வெட்டிவிடும் வடிவத்தில் ஒரே உலோக ஓட்டைப் போர்த்தியிருக்காங்க. எலும்பு வேற, தோல் வேற. மொத்தக் கட்டடமும் தரையில் உட்காராமல் தூண்களில் நிற்குது. அடியில் காற்று ஓடுவதால் பனி குவியாது. இது பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்: 1983-84இல் அமைத்த முதல் இந்திய நிலையமான தக்ஷிண் கங்கோத்ரி பனியில் புதைந்து, 1990இல் கைவிடப்பட்டது. கரன்ட் தயாரிக்கும் ஜெனரேட்டரில் வீணாகும் வெப்பத்தை எடுத்துத்தான் பாரதியின் அறைகளைச் சூடாக்குறாங்க. ஆக அங்கே எது டிசைன்? பெட்டியா? பனி, காற்று, கப்பல், எரிபொருள் என்று ஒவ்வொன்றும் கேட்ட கேள்விக்கான பதில்கள்தான் டிசைன். பெட்டி அதில் ஒரு பதில், அதுவும் கப்பல் கேட்ட கேள்விக்கு.

ஏன் 134 பெட்டியையும் நெருக்கி வைத்தார்கள் என்பது நமக்கு முக்கியம். சிறிய கட்டடத்துக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. 3 மீட்டர் கனசதுர அறை ஒன்றை எடுத்துக்குங்க. வெளிப்பரப்பு 54 சதுர மீட்டர், கொள்ளளவு 27 கன மீட்டர். ஒரு கன மீட்டர் காற்றுக்கு 2 சதுர மீட்டர் தோல். அதையே 9 மீட்டர் கனசதுரமாக்கினால் 486க்கு 729, அதாவது 0.67 சதுர மீட்டர்தான். வீடு சிறுசாக ஆக, உள்ளே இருக்கும் காற்றுக்கு வெளியுலகத் தொடர்பு கூடிக்கொண்டே போகும். குளிர் நாட்டில் சீக்கிரம் குளிரும், வெயில் நாட்டில் சீக்கிரம் வேகும். ஒட்டி வைத்தால் தோல் குறையும். வெப்பக் கணக்கு எப்பவும் 'சேர்ந்து இருங்க' என்றுதான் சொல்லும்.

ஆனா இன்னொரு கணக்கு நேர் எதிரா பேசும். அது நெருப்புக் கணக்கு.

பனிக்கட்டி மேல் இருப்பவர்களுக்கு எதைக் கண்டு அதிக பயம் தெரியுமா? தீ. அண்டார்டிகாவின் காற்று காய்ந்த காற்று, வேகமான காற்று. சுற்றிலும் தண்ணீர் இருக்கு, ஆனா எல்லாம் கட்டியாக இருக்கு. கட்டடம் எரிந்தால் வெளியே ஓடித் தப்பிக்கவும் முடியாது, குளிரே கொன்றுவிடும். பாரதி திறந்த அதே 2012இல், பிப்ரவரி 25 அன்று, பிரேசிலின் கமாண்டான்டே ஃபெராஸ் நிலையம் எரிந்தது. இரண்டு பேர் இறந்தார்கள், முதன்மைக் கட்டடம் போச்சு. பிரிட்டனின் ஹாலி-6 நிலையத்தை ஒரே கட்டடமாகக் கட்டாமல் கால் முளைத்த பெட்டிகளின் வரிசையாக, நடுவில் பாலம் வைத்து இரண்டு பாதியாகப் பிரித்திருப்பது இதனால்தான். ஒரு பாதி எரிந்தாலும் மறுபாதியில் எல்லாரும் உயிரோடு இருக்கலாம். பாரதியிலும் முதன்மைக் கட்டடத்தைத் தவிர தனியாக அவசரக்காலத் தங்குமிடங்கள் உண்டு.

இதைப் படிக்கும்போது நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு ஏதோ ஞாபகம் வரணுமே? சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை பக்கமோ சாத்தூர் பக்கமோ பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகத் தெரியும் அந்தச் சின்னச் சின்ன அறைகள். வேலிக்குள்ளே, பொட்டலில், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு நிற்கும். பட்டாசு ஆலையின் வேலை அறைகள். யாரும் இதை 'மாடுலர் டிசைன்' என்று சொல்வதில்லை, ஆனா அதுதான். ஒரு அறைக்கு அதிகபட்சம் 4 பேர். வாசல்கள் வெளிப்பக்கமாகத் திறக்கும், ஏன்னா ஓடும்போது கதவை இழுக்க நேரமிருக்காது. உள்ளே பொறி தட்டக்கூடிய இரும்பு வெளியே தெரியக் கூடாது. அறைக்கும் அறைக்கும் எவ்வளவு தூரம் என்பதை உள்ளே இருக்கும் வெடிமருந்தின் அளவு தீர்மானிக்கும். ஒன்று போனாலும் அடுத்தது நிற்கணும், அவ்வளவுதான் அந்த லேஅவுட்டின் ஒரே நோக்கம்.

அந்த லேஅவுட் எப்போ தோற்குது என்பதும் நமக்குத் தெரியும். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. ஏறக்குறைய 40 பேர். அதற்கு முன்னும் பின்னும் நடந்த விபத்துகளின் செய்திகளை வாசித்தால் ஒரே மாதிரி வரிகள் வரும்: அனுமதித்ததைவிட அதிகம் பேர், அனுமதித்ததைவிட அதிக மருந்து, அறைக்கு வெளியே மரத்தடியில் வேலை. மரத்தடியில் ஏன் உட்கார்ந்தாங்க என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்க. உற்பத்தி அவசரம் ஒரு காரணம், சந்தேகமில்லை. ஆனா மே மாத மதியத்தில் அந்தச் சின்ன அறைக்குள் எவ்வளவு நேரம் உட்கார முடியும் என்று எந்த டிசைனர் கணக்குப் போட்டார்? 54 சதுர மீட்டர் தோல் ஞாபகம் இருக்கில்ல? நெருப்புக்காகப் பிரித்த அறை, வெயிலுக்குத் தனியாக மாட்டிக்கிச்சு. பாதுகாப்பான இடம் உட்கார முடியாத இடமாகவும் இருந்தால் மனுஷன் எழுந்து போகத்தான் செய்வான். இது என் கருத்து. ஆனா வெப்பத்தை வெறும் வசதி விஷயமாகப் பார்ப்பது தப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சரி, அந்த யூட்யூப் பெட்டிக்கு வருவோம். 20 அடி கன்டெய்னர், கூரைப் பரப்பு சுமார் 15 சதுர மீட்டர். மே மாத மதியம், வெளியே 38 டிகிரி, வெயில் சதுர மீட்டருக்கு 900 வாட். அடர் நிற பெயின்ட் அதில் 80 சதவீதம் உறிஞ்சினால் 720 வாட். வெளிக்காற்றின் வெப்பப் பரிமாற்றக் கெழுவை 20 என்று வைத்தால் 720/20 = 36 டிகிரி ஏற்றம். வானத்துக்குக் கதிர்வீசி இழப்பது 4 டிகிரி என்று கழித்துக்குங்க. தகடு கிட்டத்தட்ட 70 டிகிரி. 1.6 மில்லிமீட்டர் இரும்பு வெப்பத்துக்குக் கொடுக்கும் தடை பூஜ்யம் என்றே சொல்லலாம், தடுப்பது இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் காற்றுப்படலம் மட்டும்தான். அதை வைத்துப் பார்த்தால் யூ-வேல்யூ 4.6 வருது. உள்ளே 35 டிகிரியில் வைத்திருக்க ஆசைப்பட்டால், கூரை வழியாக மட்டும் 4.6 × 15 × 35, அதாவது சுமார் 2,400 வாட் உள்ளே இறங்கும். ஒரு டன் ஏசி வெளியேற்றுவது 3,500 வாட். கூரைக்கு மட்டுமே அதில் மூன்றில் இரண்டு பங்கு போயிடுது. சுவர் நாலும் பாக்கி.

இப்போ அந்தக் கூரையில் சுண்ணாம்பு அடிங்க. புதுச் சுண்ணாம்பு வெயிலில் கால்வாசிதான் உறிஞ்சும். அதே கணக்கில் தகடு 45 டிகிரி, உள்ளே வருவது சுமார் 700 வாட். சுண்ணாம்பு அடிக்காமல் 50 மில்லிமீட்டர் ராக்வூல் மட்டும் வைத்தால் 350 வாட். இரண்டும் சேர்ந்தால் 100 வாட், ஒரு பழைய குண்டு பல்ப் அளவு. 2,400இலிருந்து 100க்கு. சோலார் பேனல், ஸ்மார்ட் சென்சார் எல்லாம் பிறகு வரட்டும், முதல் ஸ்லைடில் இந்தக் கூரைக் கணக்கு இருக்கணும்.

'அதான் நாங்க கான்கிரீட் போடுறோமே' என்று கேட்பீங்க. தமிழ்நாட்டு அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை, மீதி தீப்பிடிக்காத வேறு பொருளாக இருக்கலாம். குடிசை இல்லாத மாநிலம் என்பது இலக்கு. நம்ம காலத்தின் உண்மையான சிறு வீட்டு ப்ராஜெக்ட் இதுதான், போஸ்டரில் இருக்கும் பைன் மரக் காடு இல்லை. இங்கே 300 சதுர அடி என்பது 28 சதுர மீட்டர். 12 சென்டிமீட்டர் ஸ்லாப் என்று வைத்தால் தலைக்கு மேல் 8 டன் கான்கிரீட். பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, அது 10 டிகிரி ஆறுவதற்குச் சுமார் 20 யூனிட் கரன்டுக்குச் சமமான வெப்பத்தை வெளியே தள்ளணும். அதில் ஒரு பங்கு வானத்துக்கு, ஒரு பங்கு ஃபேனுக்கு மேலே இருந்து நம்ம மூஞ்சிக்கு. ஹாஸ்டலில் மேல் மாடியில் இருக்கிறவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், ராத்திரி 11 மணிக்குத் தண்ணீர் ஊற்றிப் படுக்கிறவங்கதானே நீங்க.

கான்கிரீட்டின் இந்த நிறையை எதிரியாக்காமல் வேலைக்காரனாக்கவும் முடியும். லடாக்கில் லே அருகே ஃபே கிராமத்தில் சோனம் வாங்சுக்கின் செக்மால் வளாகம் இருக்கு. தடித்த மண் சுவர், தெற்குப் பார்த்த கண்ணாடி. பகல் வெயிலைச் சுவர் குடித்து ராத்திரி திருப்பித் தருவதால், பனிக்காலத்திலும் ஹீட்டர் இல்லாமல் ஓடுது. நம்ம ஊரில் அதைத் தலைகீழாகப் போடணும்: பகலில் நிறைமேல் வெயில் படாமல் மறைத்து, ராத்திரி காற்றைத் திறந்துவிட்டு ஆற வைக்கணும். விருதுநகரில் மே மாதம் பகல் 38, 40 தொட்டாலும் விடியக்காலம் 26, 27க்கு இறங்கும். அந்தப் பத்துப் பன்னிரண்டு டிகிரிதான் நமக்கு இலவசமாகக் கிடைக்கும் ஏசி. ஸ்லாப் மேல் சுண்ணாம்பும் தட்டோடும், அல்லது அரையடி இடைவெளி விட்டு ஒரு நிழல் பந்தல். கீழே எதிரெதிர் ஜன்னல், ராத்திரி திறந்து வைக்கப் பயமில்லாத அளவுக்குக் கம்பி. லாரி பேக்கர் பரப்பிய ஃபில்லர் ஸ்லாப்பும் நல்ல வழி. ஸ்லாப்பின் அடிப்பகுதியில் கான்கிரீட் சும்மா பாரமாக இருக்கும் இடத்தில் பழைய ஓட்டை வைத்துவிட்டால் சிமென்டும் மிச்சம், எடையும் குறையும்.

இன்சுலேஷன் வாங்கும்போது இந்தப் பட்டாசு வட்டாரத்துக்கென்று தனியாக ஒரு எச்சரிக்கை. பனை ஓலை, தென்னங்கீற்று இரண்டுமே அருமையான இன்சுலேஷன். ஆனா ஒரு ராக்கெட் வழி தவறி வந்தால் தெருவே போயிடும். அதற்குப் பயந்துதான் பாதி ஊர் தகர சீட்டுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் சீட்டுக்கும் மாறி, வெயிலில் வெந்துகிட்டு இருக்கு. இப்போ மார்க்கெட்டில் கிடைக்கும் தெர்மோகோல், பஃப் சாண்ட்விச் பேனல்கள் விலை மலிவு, எடை குறைவு, யூ-வேல்யூ பிரமாதம். எல்லாம் சரி, நடுவில் இருப்பது எரியும் பிளாஸ்டிக். 2017இல் லண்டன் கிரென்ஃபெல் கட்டடத்தில் தீ பரவி 72 பேர் இறந்ததற்குக் காரணம் வெளியே ஒட்டிய பிளாஸ்டிக் நடு கொண்ட பேனல்கள். நம்ம வட்டாரத்தில் ஒரு வீட்டு டிசைனில் இன்சுலேஷன் என்று எழுதினால், பக்கத்திலேயே அது எரியுமா எரியாதா என்றும் எழுதணும். ராக்வூல் எரியாது. சுட்ட ஓடு எரியாது. இரண்டு செங்கலுக்கு நடுவே காற்று விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டுச் சுவரும் எரியாது, செங்கலும் கால்வாசி மிச்சமாகும்.

சேர்வதா பிரிவதா என்ற சண்டைக்கும் இங்கேயே வழி இருக்கு. 28 சதுர மீட்டர் வீட்டை 5க்கு 5.6 மீட்டராக வைத்து, 3 மீட்டர் உயரம் கொடுத்தால், தனியாக நிற்கும்போது வெயில் படும் சுவர் சுமார் 64 சதுர மீட்டர். அதையே நீளப் பக்கம் ஒட்டி ஒரு வரிசையாகக் கட்டினால் 30. பாதிக்கும் கீழே. நம்ம பழைய தெருக்களில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பது இடப் பற்றாக்குறையால் மட்டும் இல்லை. நெருப்புக்கு? பொதுச் சுவரைச் செங்கலில் கட்டிக் கூரைக்கு மேலே ஒரு முழம் உயர்த்துங்க, நாலைந்து வீட்டுக்கு ஒரு சந்து விடுங்க. பின்பக்கம் ஒரு கதவு கட்டாயம், வெளியே திறக்கிற மாதிரி. ஒரே வாசல் உள்ள இரும்புப் பெட்டியை இந்த ஊரில் வீடு என்று விற்கக் கூடாது.

அடுத்தது தரை. கரிசல் மண் மழைக்கு ஊதும், கோடைக்குச் சுருங்கி விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். காம்பவுண்ட் சுவரில் படிக்கட்டு மாதிரி ஓடும் விரிசலைப் பார்த்திருப்பீங்க, அது கொத்தனார் தப்பா இருக்கணும்னு இல்லை. ஹாலி-6 பனி நகருவதால் சறுக்குக் கால்களில் நிற்குது. 2016-17 கோடையில் பனித்தட்டில் விரிசல் நெருங்கியதும் நிலையத்தையே 23 கிலோமீட்டர் இழுத்துட்டுப் போனாங்க. நமக்கு அவ்வளவு தேவையில்லை. ஈரம் ஏறி இறங்கும் மேல் மண்ணைத் தாண்டி, சுமார் மூன்றரை மீட்டர் ஆழத்தில், அடியில் குமிழ் போல விரித்த அண்டர்-ரீம்டு பைல் போதும். ரூர்க்கி சிபிஆர்ஐ இந்திய கரிசலுக்காகவே வளர்த்தெடுத்த முறை. லேசான மாடுலர் வீட்டுக்கு இது இன்னும் முக்கியம், ஏன்னா லேசான கட்டடத்தைத்தான் ஊதும் மண் சுலபமாகத் தூக்கும்.

மாட்யூல் எவ்வளவு பெரியது? அதை யார் தூக்குறாங்க என்பது தீர்மானிக்கும். பாரதிக்குக் கப்பலும் கிரேனும் இருந்தது, 20 அடி பெட்டி சரி. 2021இல் வாங்சுக் ராணுவத்துக்காகச் செய்து காட்டிய சோலார் கூடாரத்தில் எந்தப் பாகமும் 30 கிலோவைத் தாண்டாது, ஏன்னா மலையில் மனுஷன்தான் தூக்கணும். பத்துப் பேர் தங்கலாம். வெளியே மைனஸ் 14 இருந்த ராத்திரி 10 மணிக்கு உள்ளே 15 டிகிரி. நம்ம கிராமத்துத் தெருவில் ட்ரெய்லர் திரும்பாது, 'குட்டி யானை' திரும்பும். அப்போ மாட்யூல் என்பது குட்டி யானையில் ஏறி, இரண்டு பேர் கையால் இறக்கக்கூடிய ப்ரீகாஸ்ட் பலகையும் உத்திரமும்தான். பெட்டி இல்லை.

தகடு போட்டே ஆகணும் என்றால் ஒரு சின்ன விஷயம். 6 மீட்டர் தகடு விடியக்காலம் 25 டிகிரியிலிருந்து மதியம் 70க்குப் போனால் 3 மில்லிமீட்டருக்கு மேல் நீளும், ராத்திரி சுருங்கும். தினமும். ஸ்க்ரூ ஓட்டை கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்து, ஐப்பசி மழையில்தான் அது தெரியவரும். ஓட்டையை நீள்வட்டமாகப் போடுங்க, வாஷரை நல்லதாக வாங்குங்க.

இந்த செமஸ்டரில் மினி ப்ராஜெக்ட் தேடுறவங்களுக்கு: ஒரே அளவில் நாலு தகரத் துண்டு, நாலு அட்டைப்பெட்டி, நாலு தெர்மோகப்பிள். ஒன்று வெறும் தகடு, ஒன்று சுண்ணாம்பு, ஒன்று ராக்வூல், ஒன்று இரண்டும். மொட்டைமாடியில் வைத்து மதியம் 2 மணிக்கும் ராத்திரி 9 மணிக்கும் ஒரு வாரம் ரீடிங் எடுங்க. மேலே போட்ட கணக்கோடு எங்கே ஒத்துப்போகுது, எங்கே இடிக்குது என்று எழுதி அனுப்புங்க, அடுத்த இதழில் போடலாம். சுண்ணாம்பு அடித்த துண்டின் மேல் நாலாவது நாளே தூசி படியும், அதைத் துடைக்காமல் ஒரு செட் ரீடிங்கும் எடுங்க.